நீ சபையில சொன்ன போத்தல் கதையின்ர மிச்சம்

தம்பி,

போன செவ்வாய்க்கிழமையில இருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நேற்று நீ போன் எடுத்து, ஏனம்மா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு எண்டு கேட்டாய். நான் தடிமன் எண்டு சொன்னன். தடிமனும் இல்லை, ஒண்டும் இல்லை, பச்சைப் பொய். போனில சொல்ல வெளிக்கிட்டால் நீ ரெண்டாவது வசனத்திலயே "சரி அம்மா, பேந்து கதைப்பம்" எண்டுவாய், நானும் அதைச் சாட்டா வைச்சு வாயை மூடிப்போடுவன். உப்பிடி முப்பது வருசமா மூடித்தான் வைச்சிருந்தனான். அதுதான் எழுதிறன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் எண்டு தெரியும். பனிக்காலம் முழுக்க உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு திரிஞ்சதுக்கு இண்டைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். ஆறுதலா வாசி. இடையில எறிஞ்சுபோட்டு எழும்பிப் போகாதை.

உங்கட பின்தெருவில இருக்கிற பழைய டான்ஸ் பள்ளிக் கட்டடத்தை யூதச் சனம் கொஞ்சப் பேர் வாங்கி, தாங்கள் கும்பிடுற இடமா மாத்தப் போகினம், நகரசபை அதுக்கு விடக்கூடாது எண்டு தெருக்காரர் எல்லாரும் சேர்ந்து நிக்கிறியள் எண்டு நீ முதலே சொன்னனி. நானும் அதைப் பெரிசா எடுக்கேல்லை. கூட்டத்துக்கு வாங்கோ அம்மா, நான் பேசப் போறன் எண்டு நீ கூப்பிட, பிள்ளை சபையில பேசுறதைப் பாக்கிற ஆசையில சீலையும் உடுத்துக்கொண்டு வந்தன். நீ எழும்பி மைக்குக்கு முன்னால நிண்டாய். என்ர பிரெஞ்சு தெருமுனைத் தெப்பனர் கடையில பால் வாங்கிற அளவுதான். ஆனா "என்ர அம்மா" எண்டு நீ சொன்னது விளங்கினது. "போத்தல்" விளங்கினது. நீ கையைச் சரிச்சு ஊத்திக் காட்டினது இன்னும் நல்லா விளங்கினது. மிச்சத்தை நீ பேந்து வந்திருந்து தமிழில சொல்லித் தந்தனி. என்ர அம்மா அவையின்ர சமையலறையில மூண்டு வருசம் மாடா உழைச்சவா, அவ தொட்ட போத்தலை அவவின்ர கண்ணுக்கு முன்னால ஊத்தினவை, பேந்து தொட்ட குற்றத்துக்கு வேலையாலயும் கலைச்சவை, எங்களை ஊத்தையா நினைக்கிற சனம் எங்கட தெருவில வந்து தங்கட சட்டத்தைப் போட வேண்டாம் எண்டு சொன்னாய். மண்டபம் முழுக்கக் கை தட்டினது. எனக்கு முன்னால இருந்த ஒரு மனிசி திரும்பி என்ர கையைப் பிடிச்சு, பாவம் மடாம் எண்டா. நான் அந்தக் கையை உதறேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தன்.

அண்டைக்கு அந்த மண்டபத்தில கடைசி வரிசையில யூதர் நாலு பேரும் இருந்தவை, நீ கண்டியோ தெரியாது. அதில ஒரு வயசு போன மனிசன் நீ பேசி முடிச்ச பிறகு என்னையே பாத்துக்கொண்டிருந்தார். கோபமாப் பாத்திருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். அந்தாள் மன்னிப்புக் கேக்கிற மாதிரிப் பாத்தார். தான் செய்யாத ஒண்டுக்கு, தான் ஒரு நாளும் காணாத ஒரு சமையலறையில நடந்ததுக்கு, ஐயோ கடவுளே, என்னட்டை. அந்தப் பார்வையோட நான் இந்த ஒரு கிழமையும் தேத்தண்ணி குடிக்கிறன், சோறு வடிக்கிறன், படுக்கிறன்.

உன்னில பிழை இல்லை எண்டு முதலே சொல்லிப்போடுறன். அந்தக் கதையை உனக்குள்ள வைச்சது நான். உனக்கு அப்ப எட்டு வயசு. இஞ்ச மொன்றியலில, கார்ட்டியர்வில்லில நாங்கள் இருந்த அந்த அரை நிலவறை வீடு ஞாபகம் இருக்கே, யன்னலால போற வாற ஆக்களின்ர சப்பாத்து மட்டும் தெரியும். அப்பா கொழும்பில நிண்டவர். எனக்குக் கதைக்க உன்னைத் தவிர ஒரு குஞ்சும் இல்லை. வேலையால வந்து உனக்குச் சோறு தீத்திக்கொண்டு, பெரிய ஆளோட கதைக்கிற மாதிரி எல்லாத்தையும் உன்னட்டைக் கொட்டுவன். நீ பெரிய மனிசன் மாதிரித் தலையாட்டிக் கேட்பாய். என்ர மனப்பாரம் இறங்கினது. இறங்கினது எங்க போய் இருந்தது எண்டு நான் யோசிக்கேல்லை. எட்டு வயசுப் பிள்ளையின்ர வயித்துக்க போய் இருந்திருக்கு.

அது ஒரு விருந்து மண்டபத்தின்ர சமையலறை, கலியாணம், பிறந்தநாள் எண்டு கிழமைக்கு நாலு விருந்து. யூதரின்ர சமயச் சட்டப்படி செய்யிற கோஷர் சமையல். இறைச்சிக்கு வேற பானை, பாலுக்கு வேற பானை, கழுவுற தொட்டியும் வேற வேற. அங்க றிவ்கா எண்டு ஒரு மனிசி இருந்தவா, அப்ப அறுபது வயசு வரும். அவவின்ர வேலையே காவல்தான். அடுப்பை அவதான் மூட்டோணும். முட்டையை ஒவ்வொண்டா கண்ணாடிக் கோப்பையில உடைச்சு ரத்தப் பொட்டு இருக்கோ எண்டு பாப்பா. கீரையை வெளிச்சத்தில பிடிச்சுப் பூச்சி தேடுவா. அவவின்ர கண் மறைஞ்சால் அந்தச் சாப்பாட்டுக்கு மதிப்பு இல்லை. நான் அடுப்பைத் தொடக்கூடாது எண்டு முதல் நாளே சொன்னவா. எனக்குச் சுருக்கெண்டது. உவையள் என்ன எங்களை விட மேலான ஆக்களோ எண்டு மனசுக்க ஒரு முள்ளு அண்டைக்கே குத்திப்போட்டுது.

போத்தல் நடந்தது பொய் இல்லை. ஒரு கலியாணத்துக்கு மேசை துடைக்கேக்க, திறந்து வைச்ச வைன் போத்தல் ஒண்டை எடுத்து அங்கால வைச்சனான். றிவ்கா கண்டிட்டா. அதைக் கொண்டுபோய்த் தொட்டியில ஊத்தினா. குளு குளு எண்டு அது போற சத்தம் கேட்டுக்கொண்டு நான் துணியோட நிண்டன். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். அந்த நேரம் எனக்கு என்ன ஞாபகம் வந்தது எண்டு உனக்குத் தெரியாது. ஊரில என்னோட ஆறாம் வகுப்பில ராணி எண்டு ஒரு பிள்ளை படிச்சவள். என்னை விடக் கெட்டிக்காரி. அவையின்ர ஆக்கள் எங்கட வளவுக்குள்ள வந்தால் கிணத்தில அள்ளக்கூடாது, வாசலுக்கு வெளியில நிண்டால் சிரட்டையில தண்ணி வாக்கிறது. ஒரு நாள் அவள் கணக்குக் கொப்பி வாங்க வந்தவள், நான் யோசிக்காமல் எங்கட பேணியில தண்ணி குடுத்திட்டன். அவள் குடிச்சு முடிச்சுப் படலையடிக்குப் போக முதலே என்ர அம்மா அந்தப் பேணியைக் குறடால தூக்கிக் குப்பைக் கிடங்குக்க எறிஞ்சா. ராணி திரும்பிப் பாத்தவள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில நிண்டனான், வாய் திறக்கேல்லை. ராணி பேந்து என்னோட கதைச்சதும் இல்லை.

இப்ப யோசிச்சுப் பார். தொட்டியில வைன் போகேக்க எனக்கு வந்த கோபம் அநியாயத்தைக் கண்ட கோபம் இல்லை. அப்பிடி இருந்தால் ராணிக்கும் சேர்த்து வந்திருக்கும். நான் எப்பிடி ராணி ஆகலாம், ஆரைக் கொண்டுவந்து எந்த இடத்தில நிப்பாட்டுறாங்கள் எண்டுதான் எனக்குக் கொதிச்சது. சாதித் திமிர், தம்பி. வேற பேர் இல்லை. அதைத்தான் நான் அவமானம் எண்டு பேர் மாத்தி உனக்குச் சோத்தோட தீத்தினது. இதை எழுதக் கை கூசுது, ஆனா உண்மை.

அடுத்த நாள் றிவ்கா என்னைத் தனியக் கூப்பிட்டு இருத்தினா. ரெண்டு பேருக்கும் நொண்டி இங்கிலீசு, அவவுக்கு ஒரு நொண்டி, எனக்கு ஒரு நொண்டி. இது ஊத்தையில்லை, பழைய காலத்துச் சட்டம், கும்பிடுற வைனை மற்றச் சமயத்தார் தங்கட தெய்வத்துக்குப் படைச்சுப்போடுவினம் எண்டு பயந்து வைச்சது எண்டா. தன்ர சொந்த மகன், சனிக்கிழமை கார் ஓடக்கூடாது எண்ட சட்டத்தை மதிக்காமல் ஓடுறவன், அவன் தொட்டாலும் அந்த வைன் தான் குடிக்கமாட்டன் எண்டா. பேந்து சொன்னா, "நீ பாத்துக்கொண்டு நிக்க நான் ஊத்தினது பிழை. நீ போகும்வரைக்கும் பொறுத்திருக்கோணும். மன்னிச்சுக்கொள்." எனக்கு அந்தச் சட்டம் இண்டைக்கும் பிடிக்காது, அதையும் சொல்லிப்போடுறன். தொட்டதை ஊத்தினால் ஆருக்கும் நோகும், விளக்கம் சொன்னாப்போல நோ போகாது. ஆனா அந்த மனிசி மன்னிப்புக் கேட்டவா. என்ர அம்மா ராணியட்டைக் கேக்கேல்லை. நான் இண்டைவரைக்கும் கேக்கேல்லை. அந்த மன்னிப்பை நான் உனக்குச் சொல்லவும் இல்லை. அது இல்லாமல் கதை நல்லா இருந்தது, நான் அதில நல்லவளா இருந்தன்.

அதுக்குப் பிறகு அவ எனக்குப் பக்கத்தில நிண்டு கீரை பாக்கேக்க தன்ர கதையளும் சொல்லுவா. அவவின்ர தகப்பன் இந்த மொன்றியலில தெருத்தெருவாப் பழந்துணி வாங்கித் தைச்சு வித்தவராம். தமையன் டொக்டருக்குப் படிக்கக் கேட்டதுக்கு, மற்றவையை விட உங்களுக்குக் கூடப் புள்ளி வேணும் எண்டு சொன்னவையாம். நான் வாயைப் பிளந்தன். எங்களுக்கும் அதேதானே நடந்தது, தமிழ்ப் பிள்ளையெண்டால் கூடப் புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழகம். உன்ர மாமா அதாலதானே படிப்பை விட்டவர். அவவுக்கு நான் அதைச் சொல்ல, அவ என்ர கையில தட்டிச் சிரிச்சவா. பாத்தியே, நல்ல ஞாபகங்களும் இருக்கு. நான்தான் அதுகளை வீட்டுக்குக் கொண்டு வராமல் விட்டனான். வேலையிடத்தில சந்தோசமா இருந்த நாளில வீட்டில சொல்ல என்ன இருக்கு? மனக்கொதிப்புத்தான் வாயால வரும்.

இனிச் சொல்லப் போறது அப்பாவுக்கும் தெரியாது. அந்தாள் தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டார். அப்பாவை இஞ்ச கூப்பிடுற படிவம் முழுக்கப் பிரெஞ்சில வந்திருந்தது, பதினைஞ்சு பக்கம். ஒரு நாள் விருந்து வேலைக்கு நடுவில றிவ்கா, கொண்டுவா நான் நிரப்பித் தாறன் எண்டு ஒபிஸ் அறைக்குள்ள போய் இருந்தா. நெருப்பு எரியேக்க அவ சமையலறையை விட்டுப் போகக்கூடாது. எனக்காகப் போனா. நான் என்ர சாப்பாட்டுப் பெட்டியை அவசரத்தில இறைச்சி மேசையில வைச்சிட்டன். முதலாளியின்ர பெறாமகன் ஒருத்தன், ஆருக்கும் மரியாதை இல்லாத உருப்படி, தும்புத்தடியால அதைத் தள்ளி நிலத்தில விட்டான். நாயைக் கலைக்கிற மாதிரி "வெளியில, வெளியில" எண்டான். எங்கட ஆள் ஒருத்தன் அதைச் செய்திருந்தால் நான் அவன்ர பேரைச் சொல்லி, எளிய நாய் எண்டு திட்டிப்போட்டு விட்டிருப்பன். அண்டைக்கு என்ர வாயில வந்தது "உவங்கள்". ஒருத்தன் செய்தான், ஒரு சாதிசனம் முழுக்கச் செய்ததா நான் முடிவெடுத்தன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டு நாங்கள் சொல்லுறது சோத்துக்குத்தான் சரி.

பெட்டிக்குள்ள றால் கறி. அவைக்கு றால் ஆகாது, பண்டி எப்பிடியோ அப்பிடி. எனக்கு வடிவாத் தெரியும், மூண்டு வருசம் நிண்டனான். எங்களுக்குச் சாப்பாடு சூடாக்க வெளியில வேற அறை இருந்தது. நான் அங்க போகேல்லை. இருநூறு பேரின்ர கலியாண இறைச்சித் தட்டுகள் வெந்துகொண்டிருந்த ஓவனைத் திறந்து, மூடி கழட்டின றால் கறியை நடுவில வைச்சன். தீட்டு எண்டால் என்ன எண்டு வீட்டில படிச்சு வளந்தவள் நான், எங்க குத்தினால் நோகும் எண்டு எனக்குத் தெரியாதே? பத்து நிமிசத்தில தூள் மணம் எழும்பீட்டுது. றிவ்கா படிவத்தைக் கையில வைச்சபடி வந்தா, ஓவனைத் திறந்து பாத்தா. நிறத்தைப் பாக்க அவவுக்கு விளங்கீட்டுது.

"உனக்குத் தெரியாது, அப்பிடித்தானே?" எண்டு கேட்டா.

"தெரியாது" எண்டன்.

அது பொய் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். அவ எனக்கு ஒரு வழி திறந்து விட்டா, நான் வெக்கமில்லாமல் அதுக்குள்ளால போனன். முதலாளி வந்து கத்த, நான் நெருப்பை விட்டுட்டுப் போனனான், பிழை என்னில எண்டு அவ சொன்னா. அவ்வளவு இறைச்சியும் குப்பைக்குப் போனது. ஓவனைக் கொளுத்திச் சுத்தம் செய்தவை. அந்தக் கலியாண வீட்டார் வேற எங்கயோ இருந்து வந்த குளிர்ந்த மீனைச் சாப்பிட்டுப்போட்டுப் போச்சினம். காவலிருந்தவ காவலை விட்டதால அவவை அந்த வேலையில இருந்து எடுத்துப்போட்டினம். பத்தொன்பது வருசம் இருந்தவா. போகேக்க என்னட்டை வந்து படிவத்தை உறையில போட்டுத் தந்து, கடைசிப் பக்கத்தில கையெழுத்து விட்டுப்போச்சு, அதைப் போட்டு அனுப்பு எண்டு மட்டும் சொன்னா. அப்பா இஞ்ச வந்து, புவாண்ட்-கிளேரில வேலை எடுத்து, உன்னை யூனிவேர்சிற்றி வரைக்கும் படிப்பிச்சது அந்தப் படிவத்தாலதான், தம்பி. என்னை ஆரும் கலைக்கேல்லை. புது ஆள் வந்து அடுப்பு மூட்டுறதைப் பாக்க ஏலாமல் மூண்டாம் நாள் நானே வேலையை விட்டனான். உனக்குச் சொன்னது, போத்தலைத் தொட்டதுக்குக் கலைச்சவை எண்டு. நீ அண்டைக்கு அழுதனி. பெரிசா வளந்து உவங்களைப் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னனி. நான் உன்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் தந்தன். பாவி.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் எண்டு நீ கேப்பாய். நான் கொழும்பில கலவரத்துக்குள்ள இருந்தனான், அது உனக்குத் தெரியும். அதுக்கு முதல் ரெண்டு வருசம் நாங்கள் கேட்ட கதை உனக்குத் தெரியாது. எங்கட வீட்டில வடை வாங்கிச் சாப்பிடுற பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி, தண்ணி பிடிக்கேக்க சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா: இந்தத் தெருக் கடையெல்லாம் உங்கட ஆக்கள்தானே, நல்ல உத்தியோகமெல்லாம் உங்களுக்குத்தானே, நீங்கள் உங்கட ஆளுக்குத்தான் உதவுவியள், எங்களோட கலக்கமாட்டியள், உங்களுக்கென்ன, கடலுக்கு அங்கால ஒரு நாடு இருக்கு. அவ கெட்டவ இல்லை. அவவின்ர மகனுக்கு வேலை இல்லை, அரிசி விலை ஏறீட்டுது, அவவுக்கு அரசாங்கத்தைத் தெரியாது, எங்களைத் தெரியும். அந்தக் கதை நல்ல ஆக்களின்ர வாயால ஊரெல்லாம் திரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் கெட்டவன் பெற்றோல் கானோட வந்தான். அவனுக்கு வேலை மிச்சம் இருக்கேல்லை. போன செவ்வாய்க்கிழமை உனக்கு முன்னாலயும் பின்னாலயும் பேசினவை என்ன சொன்னவை? நீதான் எனக்குக் காதுக்குள்ள தமிழில சொன்னனி. வீடு வீடா வாங்கினம், தங்கட ஆக்களோடதான் பழகினம், எங்களோட கலக்காயினம், அவைக்கெண்டு ஒரு நாடு இருக்குத்தானே. ஆளை மாத்தியிருந்தது, வசனம் அதேதான்.

அவையின்ர அந்த நாடு இப்ப நடத்துற போரின்ர படங்களை நீ போனில எனக்குக் காட்டினனி. இடிஞ்ச வீட்டுக்குள்ள இருந்து பிள்ளையளை எடுக்கிற படம். அதைப் பாத்து நானும் அழுதனான். செல் விழுந்தால் என்னாகும் எண்டு எனக்கு நீ சொல்லித் தரத் தேவையில்லை. அதைச் செய்யிற அரசாங்கத்துக்கு எதிரா ஊர்வலம் போ, கடிதம் எழுது, நானும் என்ர முழங்கால் நோவோட வாறன். ஆனா அந்தக் கடைசி வரிசைக் கிழவன் ஒரு குண்டும் போடேல்லை. அந்தாள் சனிக்கிழமை காலமை நடந்துபோய்க் கும்பிட ஒரு இடம் கேட்டவர். இஞ்ச நான் தொழிற்சாலையில வேலை செய்யேக்க, ஊரில குண்டு வெடிச்சு டீவியில காட்டினால் அடுத்த நாள் ஒரு நாளும் என்னோட கதைக்காதவனும் வந்து நிண்டு, நீயும் இயக்கமோ, நீயும் காசு குடுக்கிறனியோ எண்டு கேட்பான். அப்ப நான் கூனிக் குறுகி நிண்டது உனக்கு ஞாபகம் இல்லையே? நீ அப்ப பள்ளிக்கூடத்தில அதுக்காக ஒருத்தனுக்கு மூக்கில குத்தினனி. உன்னை நான் ஏசேல்லை. உள்ளுக்க சந்தோசப்பட்டனான்.

கார் நிப்பாட்ட இடம் காணாது எண்டு நீ சொல்லு, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். உண்மையில உங்கட பின்தெரு ஒடுக்கம்தான், பனி வழிச்சுக் குவிச்சால் ஒரு கார் போகாது. சத்தம் எண்டு சொல்லு, மணித்தியாலம் எண்டு சொல்லு. சபையில கேக்க வேண்டிய கேள்வியள் அதுகள். ஆனா கார் நிப்பாட்டுற கதைக்கு மண்டபம் கை தட்டேல்லை, கவனிச்சியே? என்ர கதைக்குத்தான் தட்டினது. அந்தச் சனத்துக்குத் தங்கட வாயால சொல்லக் கூச்சமா இருந்ததை, கறுத்தத் தோல் இருக்கிற நீ தாயின்ர கண்ணீரோட சொல்லிக் குடுத்தாய். அவைக்கு அது வாய்க்கு வசதியாப் போச்சு. நாளைக்கு இதே மண்டபத்தில எங்கட கோயிலுக்கு எதிராக் கூட்டம் கூடேக்க, தேர் இழுத்தால் தெரு மறிபடும், மேளச் சத்தம், உவையள் தங்கட ஆக்களோடதான் எண்டு சொல்லேக்க, உனக்குக் கை தட்டினவையில எத்தினை பேர் எங்களுக்காக எழும்புவினம்? நான் விரல் மடிச்சுப் பாத்தன். ஒரு விரலும் மடியேல்லை.

நீ நல்ல பிள்ளை. அதுதான் எனக்குக் கூடப் பயம். கெட்டவன் சொன்னால் சனம் ரெண்டு தரம் யோசிக்கும். நீ பனியில ஆருடைய கார் இறுகினாலும் இறங்கித் தள்ளிவிடுற பிள்ளை, மருமகள் களைச்சு வந்தால் சமைச்சு வைக்கிற பிள்ளை. உனக்குள்ள நான் வைச்ச முள்ளு உன்ர நல்ல குணத்தோட சேர்ந்து வளந்திருக்கு. அம்மாவுக்கு அநியாயம் செய்தவை எண்டு நீ நம்பினதாலதான் அவ்வளவு உருக்கமாப் பேசினாய். அந்த உருக்கத்துக்கு அடியில இருந்தது என்ர பொய் எண்டு இப்ப உனக்குத் தெரியும். றிவ்காவைத் தேடினனான் எண்டு பொய் சொல்லமாட்டன். தேடேல்லை. இப்ப இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். அவவுக்குச் சொல்ல வேண்டியதை நான் காலத்தில சொல்லாமல் விட்டது விட்டதுதான். ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை ரெண்டாவது கூட்டம் நடக்கப் போகுது, அதோட சபை முடிவு எடுக்கப் போகுது. அங்க நீ திரும்பவும் பேசுறதுக்குப் பேர் குடுத்திருக்கிறாய்.

முந்தநாள் நான் தனிய ரெண்டு பஸ் மாறி உங்கட நகரசபைக்குப் போனன். உனக்குச் சொல்லேல்லை. பேசுறவையின்ர பேர் எழுதிற பிள்ளை ஒண்டு மேசையில இருந்தது. என்ர பேரைச் சொன்னன். ஆதரவோ எதிர்ப்போ எண்டு கேட்டது. பட்டியலில மேல உன்ர பேர் கிடந்தது, நான் அதில விரலை வைச்சு, இவன்ர அம்மா எண்டு சொன்னன். அது மறுமொழி இல்லை மடாம், ஏதாவது ஒண்டு எழுதோணும் எண்டு அந்தப் பிள்ளை தன்மையாத்தான் சொல்லிச்சுது. எனக்குப் பின்னால ரெண்டு பேர் காத்துக்கொண்டு நிண்டவை. ஆதரவு எண்டு எழுதுவிச்சன். நீ பிறந்த நாளில இருந்து உனக்கு எதிர்ப்பக்கத்தில என்ர பேர் எழுதுப்பட்டது அண்டைக்குத்தான். வெளியில வந்து பஸ் தரிப்பிடத்தில இருந்து அழுதன்.

நான் பேசப்போறது கனக்க இல்லை. போத்தல், மன்னிப்பு, றால் கறி, நான் சொன்ன பொய், அவ்வளவும்தான். மருமகளை மறிச்சுப் பிரெஞ்சில எழுதித் தரச் சொல்லிக் கேட்டன். அவள் எழுதேக்க ஒரு இடத்தில பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தாள், பேந்து எழுதினாள். அவளோட கோபிக்காதை, உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் கெஞ்சினனான். எல்லாருக்கும் முன்னால உன்ர முகம் சிறுத்துப் போகும் எண்டு எனக்குத் தெரியும். நீ அதுக்கு முதலே போய் உன்ர பேரை வெட்டிப்போட்டு வீட்டில இருந்தாலும் சரி, வந்து முன் வரிசையில இருந்து என்னை முறைச்சாலும் சரி, நான் பேசத்தான் போறன்.

கூட்டம் ஏழு மணிக்கு. என்னை ஏத்த நீ வரவேண்டாம், பஸ்ஸில வாறன். முடியிறதுக்கு ஒன்பதரை தாண்டும், அதுக்குப் பிறகு உங்கட பக்கத்தில இருந்து இஞ்சால பஸ் இல்லை. என்னைக் கொண்டுவந்து விடுறதோ இல்லையோ எண்டதை நீ யோசி.

அம்மா